ராம்நாட் மாவட்டம், மரப்பட்டை மேல்

இளங்கலைத் தாவரவியல் மாணவர்களுக்கு நான் வைக்கும் ஒரு பயிற்சியைப் பற்றி விரிவாக எழுதும்படி நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். பயிற்சி மிக எளியது. ஹெர்பேரியங்களில், அதாவது உலர்த்திய தாவர மாதிரிகளைச் சேமிக்கும் இடங்களில், பாதுகாக்கப்படும் பழைய லைக்கன் (மரப்பட்டை போன்றவற்றில் ஒட்டி வளரும் உயிர்) மாதிரியின் லேபிளைப் போல நானே ஒரு சீட்டைத் தயாரித்துக் கொடுப்பேன். 'பார்மீலியா நில்கெரென்சிஸ். ராம்நாட் மாவட்டம், மலைக்காடு. மரப்பட்டை மேல். 1950' என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இராது. அந்த மாதிரி எடுக்கப்பட்ட இடத்தை வரைபடத்தில் புள்ளியாகக் குறித்து, ஏன் அந்த இடம் என்பதை அரைப் பக்கத்தில் எழுத வேண்டும்.

எங்கள் மாணவர்கள் மண்டபம், தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரைப் பக்கங்களிலிருந்து வருகிறவர்கள். உடைமரமும் பனையும் சீமைக்கருவேலமும் தவிர உயரமான எதையும் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தச் சீட்டு குழப்பமாகவே இருக்கும். பெரும்பாலோர் மாவட்டத்தின் பெயரைக் கணினியில் தட்டிவிட்டு, அது காட்டிய இடத்தில், அதாவது இராமநாதபுரம் நகரத்தை ஒட்டி, புள்ளியை வைத்துவிடுவார்கள். கொஞ்சம் யோசிக்கிறவர்கள், "சார், நம்ம மாவட்டத்துல மலை ஏது? லேபிளே தப்பு" என்பார்கள். இரண்டாவது விடை முதல் விடையைவிட மேலானது. ஆனாலும் லேபிள் தவறல்ல. சீட்டு கற்பனையானதுதான், அப்படி ஒரு மாதிரி உண்மையில் எடுக்கப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 1950இல் ஒருவர் அப்படி எழுதியிருந்தால், அது முழுக்கச் சரியான முகவரியாக இருந்திருக்கும். எப்படி என்பதைச் சொல்வதற்கு முன், அந்த லைக்கனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இன்று பார்மோட்ரீமா நில்கெரென்ஸ் என்று வழங்கும் இந்த இனத்துக்கு 1869இல் பெயரிட்டவர் பாரிஸில் வாழ்ந்த பின்லாந்துக்காரர் வில்லியம் நைலாண்டர். நீலகிரியின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அது நீலகிரிக்கு மட்டும் உரியதன்று. இமயமலைச் சரிவுகளிலும் கிழக்கு ஆப்பிரிக்க மலைகளிலும்கூட அது வளர்கிறது. தென்னிந்தியாவில் ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேல், பனிமூட்டம் தவழும் சோலைக்காடுகளின் ஓரங்களிலும் கிளைகளிலும் இலை போன்ற அகன்ற மடல்களுடன் ஒட்டிக்கொண்டிருக்கும். மேற்புறம் சாம்பல் கலந்த வெளிர்பச்சை, அடிப்புறம் கறுப்பு, மடல்களின் விளிம்பில் கறுத்த மயிரிழைகள். முதிர்ந்த உடலத்தில் பழுப்பு நிறக் கிண்ணங்கள் தோன்றும். பூஞ்சையின் வித்துகள் அவற்றில்தான் உருவாகின்றன. லைக்கன் என்பது ஒரு பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் வாழ்க்கை என்பது இன்று பள்ளிப் பாடம். சைமன் ஷ்வெண்டனர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1860களின் இறுதியில் அதைச் சொன்னபோது கடுமையாக மறுத்தவர்களில் முதன்மையானவர் இதே நைலாண்டர். தாம் பெயரிட்ட ஒவ்வொன்றும் ஒரே உயிர் என்றே அவர் கடைசிவரை நம்பினார். அவர் வைத்த பெயரோ, இன்றைய விதிகளின்படி, அந்தக் கூட்டணியில் உள்ள பூஞ்சைக்கு மட்டுமே உரியது.

பிறகு 1974இல், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பணியாற்றிய மேசன் ஹேல் இந்த இனத்தைப் பார்மீலியா பேரினத்திலிருந்து பார்மோட்ரீமாவுக்கு மாற்றினார். மாதிரிப் பதிவுகளைத் தேடுகிறவருக்கு இது உடனடியான விளைவுடைய செய்தி. 1974க்கு முந்தைய லேபிள்களில் இருப்பது பழைய பெயர். அதன் பிறகு யாரும் எடுத்துப் பார்க்காத, மாதிரிகள் வைத்த காகித உறைகளில் இன்றும் அதே பெயர்தான். பெரிய தரவுத்தளங்கள் இரு பெயர்களையும் இணைத்துக் காட்டும். சிறு ஹெர்பேரியங்களின் கையெழுத்துப் பதிவேடுகள் அப்படிக் காட்டா. ஒரு பெயரில் மட்டும் தேடிவிட்டு 'இங்கே இல்லை' என்று எழுதுவதைப் போன்ற அவசரம் வேறில்லை.

லைக்கன் மாதிரியைச் சேமிக்கும் முறை எங்கள் மாணவர்களுக்குப் புதியது. கடற்பாசியைத் தாளில் ஏற்றுவது அவர்களுக்குக் கைவந்த வேலை. மரிக்கொழுந்துப் பாசியோ கஞ்சிப் பாசியோ எதுவாக இருந்தாலும், தட்டில் நீர் நிரப்பி மிதக்கவிட்டு, அடியில் தாளைச் செருகி, தூரிகையால் கிளைகளைப் பிரித்து, மெல்ல உயர்த்தி, மேலே மெல்லிய துணியைப் போட்டு அழுத்தி உலர்த்தினால், பாசியின் பசையே அதைத் தாளோடு ஒட்டிவிடும். மண்டபம், பாம்பன், குருசடைத் தீவுப் பகுதி பாசியியலில் பெயர்பெற்ற இடம்; 1920களிலேயே பாசியியல் அறிஞர் எம்.ஓ.பி. ஐயங்கார் குருசடையின் தாவரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மரபில் வந்தவர்களுக்கு மாதிரி என்றால் விரித்து ஒட்டிய தாள்தான்.

லைக்கனை அப்படி ஒட்டுவதில்லை. அடிப்புறத்தைப் பார்க்காமல் பல இனங்களை அடையாளம் காண முடியாது. வேதிச் சோதனைக்குச் சிறு துண்டு கிள்ளி எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே பட்டைத் துண்டோடு சேர்த்து எடுத்து, காற்றில் உலர்த்தி, மடித்த காகித உறைக்குள் வைத்து, உறையின் முகப்பில் லேபிளை ஒட்டுவது வழக்கம். நூறாண்டுக்கு முன் எடுத்ததைக்கூடச் சில துளி நீர் விட்டால் மடல்கள் மீண்டும் மென்மையாகும். வடிவத்தைப் புதியதைப் போலவே பார்க்கலாம். அதன் எதிரிகள் புத்தகப்பேனும் ஈரமும். எங்கள் கரையோரக் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வருவதால் காகிதம் சீக்கிரம் தளர்ந்து கறைபடும். உறைகளைக் காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பதும், புதிதாக வருவதை உறைகுளிரில் சில நாள் போட்டுப் பூச்சியைக் கொன்ற பின்பே உள்ளே சேர்ப்பதும் இங்கே கட்டாயம். மலையில் இருக்கும் ஹெர்பேரியத்துக்கும் ஈரம் உண்டு. ஆனால் உப்பு இல்லை.

இனி லேபிளை எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். முதலில் பெயர். லேபிளில் உள்ள பெயர் ஒருவருடைய கருத்து, அவ்வளவுதான். சேகரித்தவர் ஒரு பெயர் எழுதியிருப்பார்; பல ஆண்டு கழித்து அந்த லைக்கன் குழுவைப் பற்றிய அறிவில் தேர்ந்த ஒருவர் உறையைத் திறந்து பார்த்து, தம் பெயரும் ஆண்டும் இட்டு வேறொரு சீட்டை உள்ளே வைத்திருப்பார். இந்தச் சீட்டுகள் எத்தனை இருக்கின்றன, கடைசியாகப் பார்த்தவர் யார், என்ன சோதனை செய்தார் என்பவற்றைப் பொறுத்துத்தான் அந்தப் பெயரை எந்த அளவு நம்பலாம் என்று முடிவு செய்ய வேண்டும். இந்திய லைக்கன் உறைகளில் டி.டி. அவஸ்தியின் சீட்டு இருந்தால் எனக்கு ஒரு நிம்மதி வரும். லக்னோ பல்கலைக்கழகத்தில் இந்திய லைக்கனியலை ஏறத்தாழ ஒற்றை ஆளாகக் கட்டியெழுப்பியவர் அவர். அவருடைய தொகுப்பு இன்று லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. நைலாண்டரின் சொந்தத் தொகுப்பு ஹெல்சிங்கியில் இருக்கிறது. நம் மலையின் பெயர் தாங்கிய ஓர் இனத்தை முறையாக ஆராய விரும்புகிறவர் உதகைக்குப் போனால் மட்டும் போதாது. லக்னோவுக்கும் ஹெல்சிங்கிக்கும் எழுத வேண்டும், அல்லது அந்த உறைகளின் படங்களைத் திரையில் பார்க்க வேண்டும். இதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனால் அங்கே அவை கெடாமல் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சோதனைகள் என்று மேலே சொன்னதை விளக்க வேண்டும். லைக்கன்களின் அடையாளத்தில் பாதி அவற்றின் வேதிப்பொருள்களில் இருக்கிறது. உடலத்தின் மேல்தோலைச் சுரண்டி, வெண்ணிற உள்ளடுக்கில் ஒரு துளி விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் முறையை 1866இல் அறிமுகப்படுத்தியவரும் நைலாண்டர்தான். நில்கெரென்ஸின் உள்ளடுக்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு நிறம் மாறாது. தனியாகச் சலவைத்தூள் கரைசல் விட்டாலும் மாறாது. முதலில் அது, அதன் மேல் இது என்று அடுத்தடுத்து விட்டால் இளஞ்சிவப்பாகும். புற ஊதா விளக்கின் கீழ் அதே பகுதி நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும். இரண்டுக்கும் காரணம் அலெக்டோரோனிக் அமிலம். இலங்கை மலைநாட்டு ரம்பொடையின் பெயர் தாங்கிய பார்மோட்ரீமா ரம்பொடென்ஸிலும் இதே அமிலம் உண்டு. ஆனால் அதன் மடல் விளிம்புகளில் மாவு தூவியதைப் போன்ற துகள்கள் இருக்கும். நில்கெரென்ஸில் அவை இருப்பதில்லை. நிறம் மட்டும் பார்த்தாலும் தவறலாம், வடிவம் மட்டும் பார்த்தாலும் தவறலாம். பதிவில் 'சோதனை செய்யப்பட்டது' என்ற குறிப்பு இல்லாத உறைகளை நான் தற்காலிகப் பெயருடையவையாகவே கருதுகிறேன்.

இந்த இடத்தில் மளிகைக் கடையையும் பேசிவிடலாம். கீழக்கரை பிரியாணியிலும் செட்டிநாட்டு மசாலாவிலும் சேரும் கல்பாசி, மலைக்காட்டு லைக்கன்கள் பலவற்றின் கலவை. பார்மோட்ரீமா இனங்கள் அதில் முக்கியமானவை, நில்கெரென்ஸும் அவற்றில் ஒன்று. கடையில் வாங்கிய கல்பாசியைக் கொட்டி, மடல் மடலாகப் பிரித்து, மேலே சொன்ன சோதனைகளைச் செய்யச் சொல்வேன். மாணவர்கள் இனங்களை ஓரளவு பிரித்துவிடுவார்கள். சில மடல்கள் இளஞ்சிவப்பாகும்போது வகுப்பில் ஆரவாரம் எழும். பிறகு எந்த மலை, எந்த மரம், எந்த ஆண்டு என்று கேட்டால் பதில் இல்லை. உத்தரகாண்டாக இருக்கலாம், மேற்குத் தொடர்ச்சி மலையாக இருக்கலாம்; மூட்டை எத்தனை கை மாறி வந்தது என்பது கடைக்காரருக்கே தெரியாது. உறைக்குள் இருப்பதும் பொட்டலத்தில் இருப்பதும் ஒரே உயிர். ஆனால் ஒன்றைக் கொண்டு ஒரு காட்டின் வரலாற்றை எழுதலாம். மற்றதைக் கொண்டு குழம்புதான் வைக்கலாம். வேறுபாடு முழுவதும் அந்தச் சிறு சீட்டில் இருக்கிறது.

சீட்டில் மிகவும் சிக்கலான வரி, இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டு லேபிள்களில் 'கிழக்கிந்தியா' என்றோ 'நீல்கெர்ரி' என்றோ மட்டும் இருக்கும். புதுச்சேரியில் இருந்த தாவரவியலாளர் பெரோத்தே நீலகிரியில் சேகரித்து அனுப்பிய பூவாத் தாவரங்களைப் பிரெஞ்சுத் தாவரவியலாளர் மோந்தாஞ் 1842இல் பாரிஸில் பட்டியலிட்டு வெளியிட்டார். அந்தத் தலைமுறைக்கு 'நீலகிரி' என்பதே போதுமான முகவரி. நீலகிரி அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது, 1868இல்தான் பிரிந்தது. இருபதாம் நூற்றாண்டில் மாவட்டத்தின் பெயரை எழுதும் பழக்கம் வலுப்பட்டது. அதோடு புதுச் சிக்கலும் வந்தது. மாவட்டங்கள் நிலையாக நிற்கவில்லை.

என் சீட்டின் விடை இங்கேதான் இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. கிழக்கே இராமேசுவரம் முதல் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வரை அது நீண்டிருந்தது; அதன் மேற்கெல்லை மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவிலேயே இருந்தது. கடலில் தொடங்கிச் சோலைக்காட்டில் முடிந்த மாவட்டம் அது. 1985இல் மூன்றாகப் பிரிந்தபோது, மலைப்பகுதி காமராசர் மாவட்டத்துக்குப் போனது. 1997இல் அதன் பெயர் விருதுநகர் ஆனது. ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேலே உள்ள ஒரே சரிவில், ஒரே மரத்தில் எடுத்த லைக்கனின் லேபிளில் 1905 என்றால் திருநெல்வேலி, 1950 என்றால் ராம்நாட், 1990 என்றால் காமராசர், 2000 என்றால் விருதுநகர் என்று இருக்கும். நான்கும் சரி. ஆண்டைப் பார்க்காமல் மாவட்டத்தைப் படித்தால் நான்கில் மூன்றை ஒருவர் தவறாக வைப்பார்; 1950ஆம் ஆண்டு மாதிரியை இராமநாதபுரம் நகரில் வைத்தால், நேர்க்கோட்டிலேயே 130 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை. கொடைக்கானலும் அப்படித்தான், 1985 வரை மதுரை மாவட்டம், பிறகு திண்டுக்கல்.

இந்த விடையை முதலில் கண்டுபிடித்தவர், தந்தைவழி இராஜபாளையத்தைச் சேர்ந்த ஒரு மாணவி. வீட்டுப் பெட்டியில் இருந்த பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரத்தில் 'இராமநாதபுரம் மாவட்டம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம்' என்று இருந்ததைப் பார்த்திருக்கிறார். அவர் எழுதிய அரைப் பக்கத்தில் தாவரவியல் குறைவு, நில ஆவணம் அதிகம். முழு மதிப்பெண் கொடுத்தேன். மாதிரிப் பதிவுகளைச் சரிபார்க்கிறவருக்குப் பூஞ்சையின் உடற்கூறு தெரிவதைவிட வருவாய்த்துறையின் எல்லைகள் தெரிவது பல நேரம் அதிகம் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து. தாவரவியல் துறைகள் இதை ஏற்பதில்லை. பாடத்திட்டத்தில் மாவட்ட வரலாற்றுக்கு ஒரு மணி நேரம் கேட்டால் சிரிக்கிறார்கள்.

கணினிக் காலத்தின் பிழைகள் வேறு வகை. உலக உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஐஎஃப் போன்ற தளங்களில் ஒவ்வொரு மாதிரியும் ஒரு வரி. அதில் அட்சரேகை, தீர்க்கரேகைக்கு இரண்டு கட்டங்கள். லேபிளில் எண்கள் இல்லாதபோது யாரோ ஒருவர் பின்னாளில் அவற்றை நிரப்புகிறார். மாவட்டம் மட்டும் தெரிந்தால் மாவட்டத்தின் நடுப்புள்ளி, நாடு மட்டும் தெரிந்தால் நாட்டின் நடுப்புள்ளி. அதனால்தான் மலைக்காட்டு லைக்கன்கள் சில நேரம் வெயில் கொளுத்தும் சமவெளியில் கொத்தாக முளைத்திருப்பதைப் போல வரைபடம் காட்டும். இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதினால் கொடைக்கானல் மாதிரி வட துருவத்தை நெருங்கி, ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்கு மேற்கே கடலில் போய் விழும். இது நல்ல பிழை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். பாகை, கலைக் கணக்கில் 10 பாகை 14 கலை என்று இருப்பதை 10.14 என்று தட்டுவது கெட்ட பிழை. சரியான மதிப்பு 10.23, வேறுபாடு தரையில் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். எங்கள் ஊரில் பத்துக் கிலோமீட்டர் தள்ளினாலும் அதே பனை, அதே மணல். மலையிலோ சோலையிலிருந்து அடிவாரத்து முட்காட்டுக்கு இறங்கிவிடலாம்.

அதனால் நான் எண்களை நம்புவதற்கு முன் உயரத்தைப் பார்ப்பேன். சேகரித்தவர் தம் கையால் எழுதிய உயரம் இருந்தால், அதுவே எல்லாவற்றையும்விட நம்பத்தக்க சாட்சி. அதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய லேபிளில் 7,000 என்று மட்டும் இருந்தால் அது அடி, மீட்டர் அன்று; தென்னிந்தியாவின் மிக உயர்ந்த ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். 7,000 அடி என்பது சுமார் 2,130 மீட்டர், கொடைக்கானல் உயரம். இந்த ஒரே கணக்கில் இடம் பாதி தெரிந்துவிடும். மீதியைச் சேகரிப்பு எண்கள் சொல்லும். ஒரு சேகரிப்பாளர் தம் மாதிரிகளுக்குத் தொடர் எண் இடுவார். முந்தைய எண்ணுள்ள மாதிரி எங்கே, எந்தத் தேதி, அடுத்த எண் எங்கே என்று வேறு ஹெர்பேரியங்களில் தேடிச் சேர்த்தால், அவர் அந்த வாரம் நடந்த வழி வரைபடத்தில் மெல்லத் தெளிந்து வரும். இடம் எழுதாத உறைக்கும் அந்த வழியில் ஓரிடம் கிடைக்கும். இந்த வேலையில் ஒரு முழுப் பிற்பகலைக் கழிப்பதில் எனக்குச் சலிப்பே தோன்றியதில்லை.

அதே எண்கள் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். ஒரே மரத்தில் எடுத்ததைப் பங்குபோட்டு மூன்று, நான்கு ஹெர்பேரியங்களுக்கு அனுப்புவது பழைய வழக்கம். ஒன்று தீப்பற்றினாலும் மற்றொன்று பிழைக்கும். ஆனால் தளத்தில் அவை தனித்தனி வரிகளாக நிற்கும். சேகரித்தவர், எண், தேதி மூன்றையும் ஒப்பிடாமல் வரிகளை எண்ணினால் அரிதான இனம் மலிவானதாகத் தோன்றும்.

எல்லாப் பிழையையும் களைந்த பிறகு மிஞ்சும் புள்ளிகளைப் பாருங்கள். உதகை, கொடைக்கானல், மூணாறு, அவற்றுக்கு ஏறும் காட் ரோடுகளின் இரு பக்கங்கள். லைக்கன் சாலையோரத்தை விரும்புகிறது என்பது இதன் பொருள் அன்று. சேகரித்தவர்களுக்குத் தங்க வீடும் நடக்கப் பாதையும் இருந்த இடங்கள் அவை. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருந்த இயேசு சபைத் துறவி ஃபோரோ பழனி மலையின் மாஸ் (moss) தாவரங்களை அத்தனை நுணுக்கமாகச் சேகரிக்க முடிந்ததற்கு அவர் அங்கேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது முக்கியக் காரணம். அவரைப் போல ஒருவர் வாழாத மலைகள் வரைபடத்தில் வெறுமையாக இருக்கின்றன. புள்ளி இருக்கும் இடத்தில் அந்த இனம் ஒரு நாள் இருந்தது என்று சொல்லலாம். புள்ளி இல்லாத இடத்தைப் பற்றி வரைபடம் எதுவும் சொல்வதில்லை.

எங்கள் கடற்கரையில் நில்கெரென்ஸ் இல்லை என்று சொல்ல மட்டும் எனக்கு வரைபடம் தேவையில்லை. லைக்கனுக்கு வேரில்லை, காற்றின் ஈரம் ஏறும்போது விழித்து, காயும்போது உறங்கிவிடும். நனைந்திருக்கும் நேரமெல்லாம் அது சுவாசித்தாக வேண்டும். வெயிலில் ஈட்டியதை வெப்பமான இரவில் சுவாசத்தில் இழக்கும். மலையின் குளிர்ந்த இரவில் இழப்பு சிறியது. எங்கள் ஊரின் புழுக்கமான இரவில் அகன்ற மடல்களை உடைய ஒரு மலை லைக்கனின் வரவு செலவு நேராகாது என்பதே வெப்பமண்டலச் சமவெளிகளில் பெரிய இலைவடிவ லைக்கன்கள் குறைவாக இருப்பதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று.

அதற்காக இங்கே லைக்கனே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தென்னை மரங்களில் சாம்பல் வட்டமாகப் படர்ந்திருக்கும் பிக்சினி கொக்கோயெஸ் இந்தியச் சமவெளிகளில் பரவலானது. இந்தியாவின் கிழக்குக் கரை மரங்களில் நாடா நாடாவாகத் தொங்கும் ரொசெல்லா மொந்தாஞ்ஞி, கடற்காற்றின் ஈரத்தை நம்பி வாழும் இனம். ஊதாச் சாயம் தரும் ரொசெல்லா குடும்பத்தைச் சேர்ந்தது. லிட்மஸ் தாளின் சாயம் தொடக்கத்தில் இந்தக் குடும்பத்திலிருந்துதான் வந்தது. ரொசெல்லா மொந்தாஞ்ஞியின் பெயரில் இருப்பவர், நீலகிரிப் பட்டியலை 1842இல் வெளியிட்ட அதே மோந்தாஞ். வேதியியல் ஆய்வகத்தில் லிட்மஸ் தாளைத் தொடும் எங்கள் பிள்ளைகளில் பலர், அதன் உறவினம் கடற்கரை மரத்தில் தொங்கும் என்று கேட்டதும் வியக்கிறார்கள்.

இந்த ஆண்டு முதல் பயிற்சியின் இரண்டாம் பகுதியாக, கரையோர மரங்களின் லைக்கன்களைப் படமெடுத்துப் பதிவு செய்யும் வேலையைச் சேர்த்திருக்கிறேன். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் அங்கே கை வைப்பதற்கில்லை. காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதி வேண்டும். வீட்டுத் தென்னையும் பனந்தோப்பும் சாலையோரப் பூவரசும் நமக்குப் போதும். ஒவ்வொரு பதிவிலும் மாவட்டத்தோடு வட்டமும் வருவாய்க் கிராமமும் எழுத வேண்டும். மரத்துக்கு ஊரில் வழங்கும் பெயரும், தரையிலிருந்து எந்த உயரத்தில், பட்டையின் எந்தப் பக்கம் என்பதும் வேண்டும். கைப்பேசி தரும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு அது எத்தனை மீட்டர் பிழைக்கு உட்பட்டது என்ற எண்ணையும் விடக் கூடாது. உரிமையாளர் ஒப்புக்கொண்டால், சிறு துண்டு ஒன்றை எடுத்து உறையிட்டு, உலர்ந்த பிறகு, லைக்கன்களைப் பராமரிக்கும் ஹெர்பேரியம் ஒன்றுக்கு அனுப்பிவிடுவோம். அதற்கு எங்கள் துறையின் மர அலமாரி ஏற்றதன்று. கதவைத் திறந்தால் உப்புக்காற்று நேரே உள்ளே வருகிறது.